எதிர் வரிசையில் நின்றவர்

ரக்பியில் பந்து கோட்டுக்கு வெளியே போனால் லைன்-அவுட். இரண்டு அணியும் எதிரெதிரே வரிசையாக நிற்க, நடுவே பந்தை எறிவார்கள். ஒருவனை இரண்டு பேர் அப்படியே மேலே தூக்குவார்கள். அவன் அந்தரத்தில் பந்தைப் பிடிக்க வேண்டும். எங்கள் அணியில் அந்த ஒருவன் நான்தான்.

அன்றைக்கு அடையாறு மைதானத்தில் எனக்கு எதிரே நின்றவர், அவர்கள் அணியில் ஆள் தூக்குபவர். தூண் மாதிரி தொடை, காதைச் சுற்றி டேப். ஒவ்வொரு தடவையும் என்னைச் சீண்டாமல் விடமாட்டார். "இன்னா நைனா, மேல காத்து வருதா?"

ஆட்டம் சமநிலை, கடைசி நிமிஷங்கள். பந்தைப் பிடித்துவிட்டேன். அதே நொடியில் என்னைப் பின்னாலிருந்து தூக்கியவனுக்குக் கால் வழுக்கியது. தலைகுப்புறச் சரிந்தேன். எதிர் வரிசையிலிருந்து அவர் பாய்ந்து, என் இடுப்பைப் பிடித்து, காலில் நிற்க வைத்தார்.

விசில்! அந்தரத்தில் இருப்பவனை எதிரணி தொட்டால் பெனால்டி. பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்து, அந்த மூன்று புள்ளியில்தான் நாங்கள் ஜெயித்தோம்.

"வுட்டுட வேண்டியதுதானே மச்சி!" என்று அவர்கள் கேப்டன் கத்தினான்.

"தலை கீழ வந்துக்கினு கீது, நான் ரூல்ஸ யோசிச்சிக்கினு நிக்கணுமா?" என்றார் அவர்.

நன்றி சொல்லப் போனேன். "தேங்க்ஸ் கெடக்கட்டும். உன் பின்னாடி நிக்கிறவன மொதல்ல மாத்து. எல்லா மேட்ச்லயும் நானா எதிர்ல நிப்பேன்?" என்று சிரித்துக்கொண்டே பைக்கைக் கிளப்பினார்.

பெயர்கூடக் கேட்கவில்லை. இப்போதெல்லாம் குதிக்கும் முன், பந்தை அல்ல, எதிரே நிற்பவரின் கைகளைத்தான் முதலில் பார்க்கிறேன்.