வயிறு உள்ளே போன டின்

இடது கை ஓலையை மூங்கில் சிம்பின்மேல் பாதியாக மடித்தது. வலது கை பிரம்பு நாரை உள்ளே நுழைத்து, மறுபக்கம் இழுத்து, இறுக்கியது. அடுத்த ஓலை முந்தினதன்மேல் பாதி ஏறி உட்கார்ந்தது. மடி, நுழை, இழு, இறுக்கு. ஓலையின் விளிம்பு விரல்களைப் பலமுறை அறுத்து, அறுத்த இடமெல்லாம் காய்த்துப் போயிருந்தது. கைகள் ஓடிக்கொண்டிருக்க, உதடுகளும் சத்தமில்லாமல் அசைந்தன. நாரை இறுக்கும்போது ஒரு சொல் வந்து விழவேண்டும். தளர்ந்து விழுந்தால் அந்தச் சொல்லைத் தள்ளிவிட்டு வேறொன்றைத் தேட வேண்டும். தளர்ந்த தையலில் மழை இறங்கும். பாட்டிலும் அப்படித்தான் என்பது நவமணியின் கணக்கு.

சுங்கைப் பட்டாணிக்கும் கோலா கெத்திலுக்கும் நடுவிலிருந்த அந்தத் தோட்டத்தில்தான் அவள் பிறந்தாள். அங்கேயே கித்தா எனும் ரப்பர் மரம் சீவினாள், அங்கேயே தாலி கட்டிக்கொண்டாள், அங்கேயே காட்டுக் காய்ச்சலுக்குப் புருசனைக் கொடுத்தாள். ஜப்பான்காரன் வந்த பிறகு பால்வெட்டு பாதிக்குமேல் நின்றுபோனது. கூலிக்காரர் வீட்டு வரிசையான லயத்தின் கூரைத் தகரத்தைப் பட்டாளத்துக்கென்று பிரித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். மழைக்குப் பயந்து ஜனங்கள் அத்தாப்பு ஓலைக் கூரைக்கு அலைந்தபோதுதான், ஆற்றங்கரைக் கிராமத்து மலாய்க்காரியிடம் ஒரு காலத்தில் வேடிக்கையாகக் கற்றுக்கொண்ட வேலை நவமணிக்குச் சோறு போட வந்தது. சோறு என்பது பேச்சுக்கு. மரவள்ளிக்கிழங்குதான், அதன் நடுவே அத்திபூத்தாற்போல் சுண்ணாம்பு நாற்றம் அடிக்கும் ரேஷன் அரிசி.

பாட்டுக் கட்டுவதை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. மாரியம்மன் திருவிழாவில் ஆண்கள் பாடும் சிந்துப் பாட்டையும் பெண்கள் கொட்டும் கும்மியையும் கேட்டுக் கேட்டு, எந்த வரி நிற்கிறது, எந்த வரி சாய்கிறது என்று மனசுக்குள் நிறுத்துப் பார்த்தே பழகியவள். அதிகம் பேசாத விதவை. அவள் வாய் அசைவதைப் பார்த்தவர்கள் வெற்றிலை ஞாபகம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ரேஷன் அரிசியை அளப்பவன் ஸ்டோர் முருகையா. வெள்ளைத் துரை இருந்தவரை ஸ்டோர் சாவியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தவன், துரை தப்பி ஓடியதும் சாவியோடு தோட்டக் கணக்கைப் பார்க்கும் பெரிய கிராணி ஆகிவிட்டான். சயாமில் ரயில் பாதை போட யார் போவது, யார் இருப்பது என்று சொல்வதும் அவன்தான். கோழியும் தோடும் கொடுத்தவர்கள் இருந்தார்கள். கொடுக்க இல்லாதவர்கள் போனார்கள். போனவர்களில் ஒருத்தன்கூட இன்னும் திரும்பவில்லை.

அரிசி அளக்க அவன் வைத்திருந்தது பழைய பால் டின். ஒருநாள் நவமணி தன் பங்கை வாங்கும்போது டின்னின் அடிப்பக்கம் அவள் விரலில் பட்டது. சுத்தியலால் தட்டி உள்பக்கமாகக் குழித்திருந்தான். வீட்டுக்கு வந்து ஓலையை எடுத்தாள். அந்த வாரம் முழுக்க நாரை இறுக்கி இறுக்கி, கடைசியில் இது நின்றது:

அரிசி அளக்குற டின்னுக்கு – அடி
வயிறு உள்ளே போயிருச்சு
அளந்து போடுற ஐயாவுக்கு – அந்த
வயிறு வெளியே வந்திருச்சு

கட்டியதை வெளியே விட வேண்டும்; தன் வாயால் விடக் கூடாது. “கோலா கெத்தில் பசார்ல யாரோ பாடிக்கிட்டுப் போனாங்கடி” என்று பக்கத்து வீட்டு இராசாத்தியிடம் சொல்லிப் பாடிக் காட்டினாள். இராசாத்திக்குச் சொன்னால் தோட்டத்துக்குச் சொன்ன மாதிரி.

மறுநாள் சாயங்காலமே தண்ணீர்க் குழாயடியில் பாட்டைப் பிரித்துப் போட்டு அலசிக்கொண்டிருந்தார்கள். நவமணி தன் வாளியை வரிசையில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

“டின்னுக்கு ஏதுலா வயிறு?” என்றார் பழனியாண்டி. கோயில் பாட்டுக்குத் தாளம் போடுபவர்; பாட்டு விஷயத்தில் தீர்ப்புச் சொல்லும் உரிமை தனக்குத்தான் என்று நினைப்பவர். “அடிப்பாகம்னு சொல்லணும். வயிறுன்னா நடுவுல இருக்கணும்.”

“உங்க வயித்தைத் தொட்டுப் பாருங்கண்ணே. நடுவுலயா இருக்கு? முதுகோட ஒட்டிக்கிட்டுல்ல கெடக்கு!” என்றாள் இராசாத்தி. சிரிப்பு எழுந்தது. சிரிக்கவும் தெம்பில்லாமல் சீக்கிரமே அடங்கியது.

“பாட்டு நல்லாத்தான் இருக்கு,” என்றார் பழனியாண்டி, விடாமல். “ஆனா பாதிதான் சொல்லுது. கிராணி டின்னைத் தட்டினான், சரி. சுங்கைப் பட்டாணியிலேருந்து வர்ற மூட்டையே பாதி மூட்டைதானே? அதை யாரு தட்டினா? அவனுக்கு மேல ஒருத்தன், அந்த மேலவனுக்கு மேல ஒருத்தன். அத்தனை பேரையும் விட்டுட்டு இந்த ஒரு தொந்தியப் புடிச்சா போதுமா?”

“கைக்கு எட்டுற தொந்தியத்தானே புடிக்க முடியும்?”

“எல்லாம் சரி, முத்திரை எங்க? பேரில்லாத பாட்டு தலையில்லாத முண்டம். யாரு கட்டினான்னு கடைசியில வரணும்லா. அதான் முறை.”

தோட்டத்தில் பாட்டு என்றால் அழகேசன். காவடிக்கு முன்னால் அவன் குரலெடுத்தால் காவடி தூக்கியவன் வலியை மறப்பான். எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு சிரித்தான். அதுவே போதுமானதாக இருந்தது. பழனியாண்டி அங்கேயே ஒரு முத்திரை அடியைக் கட்டி ஒட்டினார்:

இப்படிச் சொல்லி அழகேசன் – தினம்
ஏங்கிப் பாடுறான் கேளுங்கடி

நவமணிக்கு முதலில் நெஞ்சில் சுருக்கென்றது. இன்னொருத்தன் கூரையில் தன் ஓலை. அதுவும் அந்த முத்திரை தளர்ந்த தையல். ‘தினம்’ சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பிறகு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி வந்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த ரேஷன் நாளில் வரிசையில் நின்ற பிள்ளைகள் முருகையா காதுபடவே பாடினார்கள். அவன் டின்னை நிறுத்தினான். யார் கட்டியது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பெயரைப் பாட்டே சொன்னது. அடுத்த சயாம் லாரியில் அழகேசன் என்று அன்றைக்கே முடிவானது.

அழகேசனின் பெண்சாதி குணவதி, வயிற்றுப் பிள்ளைக்காரி, மறுநாள் நவமணியின் ஓலைக் குவியலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுதாள்.

“அவருக்குச் சொந்தமா ஒரு வரி கட்டத் தெரியாதுக்கா. அடுத்தவங்க கட்டினதைத்தான் பாடுவாரு. நான் போயி கிராணி காலைப் புடிச்சேன். ‘அப்ப யாரு கட்டினா, சொல்லு’ன்னு கேக்குறாரு. யாரைச் சொல்லுவேன்? எந்தப் பாவி கட்டினாளோ கட்டினானோ, அந்த நாக்கு அழுகிப் போக!”

நவமணியின் கையில் ஓலை பாதி மடிந்தபடி நின்றது. பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

ஸ்டோர் வாசலில் அரிசி மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான் முருகையா. இராசாத்தியும் வேறு இரண்டு பெண்களும் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

“ஐயா, அந்தப் பாட்டு அழகேசண்ணன் கட்டினதில்ல. நான் கட்டினது.”

முருகையா அவளை மேலும் கீழும் பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். “கீத்துப் பின்றவ பாட்டுக் கட்டினியா? அவன் எவ்வளவு குடுக்கிறேன்னான்?”

“சத்தியமா நான்தான்யா.”

“நீதானே நவமணி, பசார்ல கேட்டேன்னு சொன்ன?” என்றாள் இராசாத்தி. அவளுக்கு நவமணியைக் காப்பாற்றுவதாக நினைப்பு. “ஐயா, இவ குணவதி மேல உள்ள பாசத்துல ஒளர்றா. விட்டுடுங்க.”

முருகையாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. “சரி. நீதான் கட்டினேன்னா இன்னொண்ணு கட்டு. என்னைப் பத்தியே கட்டு. லாரி வர்ற அன்னைக்குப் பெரட்டுல எல்லாருக்கும் முன்னால சொல்லு. நல்லா இருந்தா நம்புறேன்.”

நன்றாக இருந்தால் தனக்குக் கேடு, இல்லையென்றால் அழகேசனுக்குக் கேடு என்பது புரிந்துதான் அவள் திரும்பி நடந்தாள். வேண்டுமென்றே சொதப்பிவிடலாம் என்று ஒரு தரம் தோன்றியது. ஓலையை எடுத்ததும் கை அதற்கு இணங்கவில்லை. லாரி வரும்வரை அவள் வேறு எதையும் யோசிக்கவில்லை. வரும் வரிகளைத் தள்ளித் தள்ளி, தையலைப் பிரித்துப் பிரித்து மறுபடி போட்டாள். பழனியாண்டி கேட்ட கேள்வி வேறு குடைந்துகொண்டிருந்தது. ஒரு தொந்தி போதுமா? அதற்கென்று தனியாக இன்னொரு பாட்டு மனசில் உருளத் தொடங்கியது. அதன் கடைசி அடி மட்டும் பிடிபடவே இல்லை.

லாரி வந்த காலை மழை தூறியது. பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் சாக்கை வெட்டித் தைத்த உடுப்புகளோடு ஜனங்கள் நின்றார்கள். லாரிப் பக்கத்தில் ஒரு ஜப்பான் அதிகாரி, இடுப்பில் வாளோடு. பிடித்துவைத்த ஆட்களோடு அழகேசன் நின்றான். முருகையா கையை ஆட்டினான். “எங்கே கவிராயர்? வா, வா.”

நவமணி முன்னால் வந்தாள். அவளுக்குப் பாட்டுக் குரல் கிடையாது. ஓலை தைக்கும் நிதானத்திலேயே சொன்னாள்:

வெள்ளைத் தொரைக்குக் கைகட்டி – ஐயா
முதுகு கொஞ்சம் வளைஞ்சிருச்சு
ஜப்பான் தொரைக்குத் தலைகுனிஞ்சு – இப்ப
இடுப்பு வரைக்கும் மடிஞ்சிருச்சு
நாளைக்கு வேறொரு தொரை வந்தா – ஐயா
நாலு காலுல நிக்கணுமே

“அவளேதான்,” என்றார் பழனியாண்டி, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. “அதே கைதான்.”

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. முருகையாவை நோக்கி உறுமினான், அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று. பதில் சொல்லுமுன் கும்பிடு போட்டாக வேண்டும், அதுதான் அவர்கள் சட்டம். முருகையா குனிந்தான். இடுப்பு வரைக்கும் குனிந்தான். பின்னாலிருந்து யாரோ கனைத்தார்கள். அவ்வளவுதான், அடக்கி வைத்த சிரிப்பு வரிசை வரிசையாக உடைந்தது. எதற்கென்று தெரியாத அதிகாரி தன்னைப் பார்த்தா என்று முறைக்க, முருகையா ஏதோ கோயில் பாட்டு என்று சமாளித்து மறுபடியும் குனிந்தான். லாரிக்குப் பக்கத்தில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். குணவதி மட்டும் சிரிக்கவில்லை. அவள் முருகையாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் நிமிர்ந்தபோது முகம் கறுத்திருந்தது. நவமணியின் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் பேசினான்.

“நீதான் கட்டின. நம்புறேன். இனிமே இந்தத் தோட்டத்துல உன் ஓலையை எவனும் வாங்க மாட்டான், ஸ்டோர்ப் பக்கமும் நீ வராதே.” பிறகு லாரியைக் கைகாட்டி, “ஏறுங்கடா!” என்றான்.

“ஐயா, அழகேசண்ணன்...”

“பாட்டு யாருதா இருந்தா எனக்கென்ன? லாரிக்குத் தலை வேணும். குறைஞ்சா என் தலையை எடுப்பான். அவனை விட்டுட்டு வேற யாரை ஏத்துறது, நீயே சொல்லு. பழனியாண்டியையா?”

பழனியாண்டி தலையைக் குனிந்துகொண்டார். நவமணி வாயைத் திறந்தாள். எந்தப் பெயரும் வரவில்லை.

ஆட்கள் ஏறினார்கள். ஒரு சிப்பாய் பிரம்பால் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினான். ஆடு மாட்டைக்கூட அப்படித் தொட்டு எண்ணி அவள் பார்த்ததில்லை. அந்தப் பிரம்பு அழகேசனின் தலையைத் தொட்டு அடுத்த தலைக்குப் போன கணத்தில், இத்தனை நாளும் பிடிபடாத கடைசி அடி வந்து இறுகியது.

குணவதி லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழகேசன் அவள் கைமேல் கை வைத்திருந்தான். நவமணி அங்கே போய் நின்றாள்.

“மன்னிச்சுடுண்ணே.”

“நான்தானே தங்கச்சி சிரிச்சுக்கிட்டு நின்னேன்,” என்றான் அவன். “அன்னைக்கே இல்லேன்னு சொல்லியிருக்கலாம். நல்ல பாட்டா இருந்திச்சு, விட மனசு வரல.” கொஞ்ச நேரம் லயத்துப் பக்கம் பார்த்தான். “வேற ஏதாச்சும் வச்சிருக்கியா? அங்க பாட ஒண்ணு குடு.”

“ஒண்ணு இருக்கு. யாருக்கும் சொல்லல.”

“சொல்லு.”

எஞ்சின் உறுமத் தொடங்கியிருந்தது. அவள் பலகையோரம் முகத்தைக் கொண்டுபோய் ஒவ்வொரு அடியாகச் சொன்னாள். அவன் ஒவ்வொரு அடியாக வாங்கிக்கொண்டான்.

தண்டவாளம் போட வாங்கன்னு – நம்மத்
தலையை எண்ணி ஏத்துறாங்க
தடம் முடிஞ்சு எறங்கையிலே – அதைத்
திருப்பி எண்ண யாரிருக்கா?

வழக்கம்போல அவன் இரண்டாம் அடியை இழுத்துச் சுழற்றினான். “இழுக்காதேண்ணே. சும்மா சொல்லு. இறுக்கமாச் சொல்லு,” என்றாள். அவன் மறுபடி சொன்னான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டொருவர் உதட்டை அசைத்துச் சேர்ந்து சொல்லிப் பார்த்தார்கள். மூன்றாம் அடியில் தடுக்கினான், அவள் எடுத்துக்கொடுத்தாள். லாரி அசைந்தது. குணவதியின் கை பலகையிலிருந்து நழுவியது. நவமணி சேற்றில் கூடவே சில அடி நடந்தாள். அவன் முதலிலிருந்து ஆரம்பித்து, எங்கும் இழுக்காமல், எங்கும் தடுக்காமல், கடைசி அடிவரை அவள் முகத்தைப் பார்த்தே சொல்லி முடித்தான். அவள் சரி என்று தலையசைத்தாள்.