அம்மாவின் கைநாட்டு

எங்கள் வீட்டில் காகிதம் என்றாலே பயம். நிலத் தகராறு உச்சத்தில் இருந்த நாட்களில், நீடாமங்கலத்துப் பக்கம் அப்பா குத்தகைக்கு உழுத ஆறு மா நிலத்தை மிராசுதாரின் காரியக்காரர் ஒரே ஒரு கைநாட்டில் பிடுங்கிக்கொண்டார். "குத்தகையப் பதிஞ்சு தரேன், வை" என்று சொல்லி, அப்பாவின் கட்டைவிரலை அவரே பிடித்து அழுத்தினார். நிலத்தை விட்டுக்கொடுத்ததாக அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. விவசாயிகள் கொடி பிடித்தார்கள், ஆட்சி மாறியது, குத்தகைக்காரர்களைக் காக்கச் சட்டமும் வந்தது. அந்தக் கைநாட்டை மட்டும் யாராலும் அழிக்க முடியவில்லை.

அந்த வயிற்றெரிச்சலில்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தாள். வீட்டுக்கு வரும் காகிதத்தையெல்லாம் இனி நான்தான் படிக்க வேண்டும் என்று ஏற்பாடு.

பல வருஷம் கழித்து அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. புது மருந்து ஒன்றை ஆராய்ச்சிக்காகக் கொடுத்துப் பார்க்கிறோம், சேர்கிறீர்களா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். தமிழிலேயே பன்னிரண்டு பக்கம் கொடுத்தார்கள். "நிதானமா படிச்சு அம்மாவுக்குச் சொல்லுங்க. நாளைக்கு வந்தா போதும்" என்றார் டாக்டர். எனக்குப் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். "படிச்சாச்சுங்க" என்று கடைசிப் பக்கத்துக்குப் போனேன்.

"உங்களுக்குப் புரிஞ்சுதாம்மா?" என்று டாக்டர் அம்மாவைக் கேட்டார்.

"புள்ள படிச்சுட்டான்ல, அது போதும்."

பக்கத்துக் கட்டில்காரரின் மகன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அவரும் படிக்கவில்லை. அம்மாவின் கட்டைவிரலை நானே பிடித்து அழுத்தினேன்.

மூன்றாவது ஊசிக்கு அப்புறம் வாயெல்லாம் புண். கஞ்சிகூட இறங்கவில்லை. "போதும்பா. நடுவுல விட்டுடலாமா? அந்தக் காயிதத்துல என்ன போட்டிருக்கு?" என்றாள்.

"கைநாட்டு வச்சாச்சும்மா. இனிமே மாத்த முடியாது."

கைநாட்டைப் பற்றி அவளுக்குத் தெரியாததா? இன்னும் மூன்று ஊசி போட்டுக்கொண்டாள்.

எழுந்து உட்காரவே முடியாமல் போனபோது நர்ஸம்மாதான் சொன்னார்: "வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்திட்டு வழக்கமான வைத்தியம் பாத்திருப்போமே. உங்ககிட்ட ஒரு காப்பி கொடுத்தோம்ல?"

மஞ்சள் பையிலிருந்து அதை எடுத்தேன். மடிப்புக்கூடக் கலையவில்லை. இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது, எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே, விலகிக்கொள்ளலாம் என்று. நான் படித்த படிப்பில் இடி விழ. அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன்.

திட்டியிருந்தால் தேவலை.

"உங்கப்பாவுக்காவது படிக்கத் தெரியாது" என்றாள்.