உப்பளத்துப் பிக்கப்பின் அடிப்பக்கம்

மரக்காணம் உப்பளக் கரையில் ஒரு பழைய பிக்கப் வண்டி, பெரிய டயரும் கூடுதல் ஸ்பிரிங் பட்டையும் போட்டு, இடுப்புயரத்துக்கு எழும்பி நிற்கிறது. நான் படம் எடுப்பதைப் பார்த்து உப்பு மூட்டை ஏற்றும் செல்வி சிரிக்கிறார். வண்டி அவருடையது.

"ஸ்டைலுக்குத் தூக்கினீங்களா?" என்கிறேன்.

"உப்புத்தண்ணி அடியில படக்கூடாதுன்னு தூக்குனதுங்க. மேல எல்லாருந்தான் போட்டோ எடுக்கறாங்க. கீழ படுத்துப் பாருங்க."

படுத்துப் பார்க்கிறேன். பழைய இன்ஜின் ஆயில் பூசிய சேசிஸ் கன்னங்கரேலென்று மின்னுகிறது. ஒரு பொட்டுத் துருகூட இல்லை.

"ஒன்பது வருஷமா உப்புலயே ஓடுது. வாராவாரம் நான்தான் பூசறேன்."

முதுகெல்லாம் உப்போடு எழுகிறேன். பக்கத்தில் நிறுத்தியிருக்கும், வாங்கி இரண்டே வருடமான என் காரின் அடியில் அவர் குனிந்து பார்க்கிறார். போய் ஆயில் டப்பாவை எடுத்து வருகிறார்.