டேலியா சட்டி எப்படி ஈரமானது?

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகள் இப்போதுதான் தூங்கினாள்.

பால் போத்தலை விட்டு டம்ளரில் குடிப்பதற்கு அவள் என்னிடம் கேட்டது, சொந்தமாக ஒரு பூ. வத்தேகம சந்தையில் டேலியா கிழங்கு ஒன்று வாங்கி, அம்பிட்டிய வீட்டு வாசலில் சட்டியில் நட்டோம். முளை தெரியும்வரை தண்ணீர் கூடாது என்றார் விற்றவர். நானும் ஊற்றவில்லை.

இன்று பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, சொதசொதவெண்டு கிடக்கு? கிழங்கு அழுகப் போகுது."

"நான் ஒரு சொட்டுகூட ஊத்தலக்கா!"

"அப்ப மழையோ?"

"கூரைக்குக் கீழதானே இருக்கு!"

மகள் குறுக்கே வந்தாள். "நான்தான் என் பால குடுத்தேன். அதுவும் பாப்பாதானே?"

காலி டம்ளரைப் பார்த்துத் தினமும் பெருமைப்பட்டவள் நான். இவள் வயிற்றுக்குள் எவ்வளவுதான் போனதோ!

கிழங்கைத் தோண்டி எடுத்தேன். வால் பக்கம் கொழகொழவென்று இருக்கிறது. கழுத்துப் பக்கம் கெட்டி. அங்கே இளஞ்சிவப்பாக ஒரு புள்ளி. அது முளையா, அழுகலா?

"அழுகினத வெட்டி எறி" என்கிறார் அக்கா.

"வெட்டினா செத்துரும், அப்படியே வை" என்கிறார் கணவர்.

மகளோ தூங்கும்வரை போத்தலைத் திரும்பக் கேட்டாள். தனக்கு இல்லையாம், வயிற்றுவலிக்காரக் கிழங்குக்காம்.

படம் போட்டிருக்கிறேன். டேலியா வளர்த்தவர்கள், வெட்டுவதா விடுவதா என்று தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.