காற்றால் மாறிய கியர்

அண்ணனின் இடது கணுக்கால் மேல்நோக்கி மடங்காது. கப்பல் பட்டறையில் இரும்புத் தகடு ஒன்று சரிந்து காலில் விழுந்தது. கட்டுப் பிரித்தபோது பாதம் பலகை மாதிரி நின்றுவிட்டது. நடக்க முடிந்தது, படி ஏற முடிந்தது. மோட்டார் சைக்கிளில் கியர் மாற்றத்தான் முடியவில்லை. முதல் கியரை மிதித்துப் போட்டுவிடலாம். அதற்கு மேல் உள்ள ஒவ்வொரு கியருக்கும் லீவரைப் பாதத்தின் நுனியால் மேலே தூக்க வேண்டும். அந்தத் தூக்கல் அவனிடம் இல்லை.

அவன் ஓட்டியது கால் மைல் பந்தயம். இரண்டு பைக்குகள் அருகருகே நிற்கும். கொடி இறங்கியதும் நேர்கோட்டில் பாயும். மூச்சை இழுத்துப் பிடித்தால், அதை விடுவதற்குள் முடிந்துவிடும். அதற்குள் நான்கு முறை கியர் மாற்ற வேண்டும். ஒரு தடவை தடுமாறினாலும் அடுத்தவனின் பின்விளக்கைத்தான் பார்க்கலாம்.

பைக் அவனுடையது அல்ல. ஜாலான் புசாரில் பட்டறை வைத்திருந்த சீனர் ஒருவருடையது. முதலாளி என்ற பொருளில் அவரை எல்லோரும் தவுக்கே என்றுதான் அழைப்போம். எங்கள் தேக்கா வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். உடைந்த தமிழைத் தயங்காமல் பேசுவார். மூன்று வருடங்களாக அண்ணன்தான் அவருக்காக ஓட்டினான். கட்டுப் பிரித்த வாரமே நாங்கள் இருவரும் பட்டறைக்குப் போனோம். தவுக்கே அண்ணன் காலைப் பார்த்தார், பிறகு பைக்கைப் பார்த்தார்.

“கால் இல்லே, கியர் இல்லே. கியர் இல்லே, ரேஸ் இல்லே லா. நான் வேற ஆள் பாத்தாச்சி.”

அந்த வேற ஆள் சுவரோரம் புது ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

“அடுத்த ரேஸ் வரைக்கும் டைம் குடுங்க தவுக்கே,” என்றான் அண்ணன். “அன்னிக்குக் காலையில டெஸ்ட் ஓட்டத்துல எனக்கு கியர் விழலன்னா, நானே சாவிய அவன் கையில குடுத்துடறேன்.”

தவுக்கே தலையை அசைத்தார். மூன்று மாதம் இருந்தது.

கப்பல் பட்டறையில் அண்ணனைச் சாமான் அறையில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். வீட்டில் யாருடனும் பேசமாட்டான். பைக்கின் மேல் ஏறி உட்காரும்போது மட்டும் அவன் முதுகு நிமிரும். அதுவும் போய்விட்டால் அவன் என்ன ஆவான் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மா சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு மிளகாய் அரைக்கும் மில்லில் வேலை பார்த்தார். அண்ணன் பள்ளிக்கே போகவில்லை, நான் போனேன். தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியல் படித்து, ஜூரோங்கில் ரேடியோ செய்யும் தொழிற்சாலையில் டெக்னீஷியன் ஆனேன். என் சான்றிதழ் வந்த அன்று அண்ணன் அதை மடங்காமல் கையில் ஏந்திக்கொண்டு தேக்கா முழுக்கக் காட்டிவிட்டு வந்தான். தலைகீழாகப் பிடித்துக் காட்டினான் என்று கோப்பிக் கடைக்காரர் பிறகு சொல்லிச் சிரித்தார்.

யோசனை தொழிற்சாலையில்தான் பிறந்தது. எங்கள் வரிசையில் ஒரு இயந்திரம் ரேடியோப் பெட்டிகளை ஒன்றொன்றாகத் தள்ளிவிடும். தள்ளுவது ஏர் சிலிண்டர், கட்டைவிரல் பருமனில் ஒரு குழாய். காற்றை உள்ளே விட்டால் அதிலிருந்து ஒரு தண்டு வெளியே துள்ளும். காற்றை வெளியேற்றினால் சுருள்வில் தண்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாள் முழுக்கத் துள்ளி உள்ளே போய்க்கொண்டிருக்கும் அந்தத் தண்டைப் பார்த்தபோது, அது அண்ணனின் பெருவிரல் போலத் தெரிந்தது.

“அண்ணே, லீவர உன் கால்தான் தூக்கணுமா? வேற ஏதாவது தூக்குனா ஆகாதா?”

“குதிகால்ல மிதிக்கிற மாதிரி ஒண்ணு மாட்டிப் பாத்தாச்சு புள்ள. ஒவ்வொரு தடவையும் கால எடுத்து வைக்கணும். பைக் ஆடுது.”

“கால் இல்லண்ணே. காத்து.”

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். “ரேடியோவுக்கு ஈயம் வைக்கிறவ, பைக்குக்குக் காத்து வைக்கப் போறாளாம்.”

சொன்னானே தவிர, அடுத்த ஞாயிறு என்னோடு சுங்கை ரோட்டுச் சந்தைக்கு வந்தான். அங்கே தரையில் விரித்த சாக்குகளில் உலகத்தில் உடைந்ததெல்லாம் கிடக்கும். ஏதோ பொட்டலம் கட்டும் இயந்திரத்திலிருந்து கழற்றிய ஏர் சிலிண்டர் ஒன்று கிடைத்தது. மின்சாரத்தில் திறந்து மூடும் காற்று வால்வும் அதனோடேயே இருந்தது. அந்த வால்வின் பக்கத்தில், கம்மல் திருகைவிடச் சற்றுப் பெரியதாக, பொன் நிறத்தில் ஒரு பித்தளைக் குமிழ். கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்தது. தண்டைத் தள்ளி முடித்த காற்று சத்தம் போடாமல் வெளியேறுவது அதன் வழியாகத்தான். காற்றை அடைத்து வைக்க ஒரு பழைய தீயணைப்பான் கிடைத்தது. அழுத்தம் தாங்குமா என்று தவுக்கேயின் பட்டறையில் சோதித்துப் பார்த்துத்தான் அதில் காற்றை நிரப்பினோம்.

லீவரைத் தூக்குவது சுலபம். எப்போது தூக்குவது என்பதில்தான் என் படிப்பு தேவைப்பட்டது. எஞ்சின் முழு வேகத்தில் இழுக்கும்போது பற்சக்கரங்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கும், கியர் நகராது. கண் இமைக்கும் நேரத்துக்கு எஞ்சினின் தீப்பொறியை நிறுத்தினால் பிடி தளரும். அந்த இடைவெளியில் தண்டு துள்ள வேண்டும், உடனே தீப்பொறி திரும்ப வேண்டும். எஞ்சினின் வேகத்தை எண்ணி, குறித்த அளவைத் தொட்டதும் இந்த மூன்று வேலையையும் தானே செய்யும் ஒரு சர்க்யூட்டை வரைந்தேன். அண்ணன் ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்தால் போதும். மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

முதல் சோதனையில் அது பைத்தியம் பிடித்த மாதிரி நடந்துகொண்டது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே தண்டு கடகடவென்று அடித்துக்கொண்டது. பட்டறையில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

“தையல் மெஷினா லா?” என்றார் தவுக்கே. “எனக்கு சிலுவார் தைக்கணும்,” என்று தன் கால்சட்டையைத் தட்டிக் காட்டினார்.

வேற ஆளும் சிரித்தான். எனக்கு முகம் சூடாகிவிட்டது. தீப்பொறியின் மின் இரைச்சல் என் சர்க்யூட்டைக் குழப்புகிறது என்று பேருந்தில் வீடு திரும்பும்போதே புரிந்தது. சர்க்யூட்டை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடி, டின்னைப் பைக்கின் உடலோடு கம்பியால் இணைத்தேன். ஸ்பார்க் பிளக்கின் கம்பிகளையும் மாற்றினேன். இரண்டு வாரம் கழித்து, பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திய பைக்கில் அண்ணன் ஆக்சிலேட்டரை முறுக்கினான். இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. லீவர் தானாக நான்கு முறை நிமிர்ந்து இறங்கியது. அண்ணனின் இடது பாதம் கால்தாங்கியின் மேல் அசையாமல் இருந்தது.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தவுக்கே குனிந்து பிஸ்கட் டின்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“உள்ளே பிஸ்கட் இருக்கா?”

“இல்ல தவுக்கே. படிப்பு இருக்கு,” என்றான் அண்ணன். அவ்வளவு பெருமையை அதற்கு முன் அவன் குரலில் நான் கேட்டதில்லை.

பந்தயம் விஜயதசமி அன்று வந்தது. முந்தின நாள் ஆயுத பூஜை. மில்லில் உள்ள ஐந்து அரவை இயந்திரங்களுக்கும் வருடா வருடம் சந்தனம் குங்குமம் வைப்பவர் அம்மாதான். “பைக்கையும் கொண்டாங்கடா, சேத்துப் படைச்சிடலாம்,” என்று சொல்லிவிட்டார். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே தவுக்கேயும் பைக்கோடு வந்து ஓரமாக நின்றார். அம்மா இயந்திரங்களுக்கெல்லாம் பொட்டு வைத்து முடித்து, சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

“இது நீ செஞ்ச சாமான். நீயே வையி.”

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த எந்தப் பரிசும் அதற்கு ஈடாகாது. பிஸ்கட் டின்னுக்கு ஒரு பொட்டு வைத்தேன். சிலிண்டருக்கு ஒன்று. வால்வில் எங்கே வைப்பது என்று பார்த்தபோது, அந்தப் பொன்னிறக் குமிழ் பொட்டுக்கென்றே செய்தது போல உருண்டையாக, அழகாக இருந்தது. நிறையச் சந்தனம் எடுத்து, அழுத்தி, வட்டமாக வைத்தேன். நடுவில் குங்குமம்.

படைத்த சாமான்களை மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது என்பது வழக்கம். விடிந்ததும் பைக்கை அப்படியே லாரியில் ஏற்றி, கயிற்றால் கட்டி, எல்லைப் பாலம் தாண்டி ஜொகூருக்குப் போனோம். அம்மாவும் புளிச்சோற்றுத் தூக்கோடு லாரியின் முன்னால் ஏறிக்கொண்டார். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே கைவிடப்பட்ட ஒரு விமான ஓடுதளம்தான் பந்தயப் பாதை.

சோதனை ஓட்டத்துக்கு அண்ணன் கோட்டில் நின்றான். கொடி இறங்கியது. பைக் பாய்ந்தது. இரண்டாம் கியர் விழுந்தது. பிறகு எஞ்சின் கத்தியது, கத்திக்கொண்டே இருந்தது. மூன்று விழவே இல்லை. அண்ணன் ஆக்சிலேட்டரை விட்டு, உருட்டிக்கொண்டு திரும்பி வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. சாவியைக் கழற்றினான்.

வேற ஆள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு எழுந்தான்.

“பத்து நிமிஷம் குடுங்க தவுக்கே,” என்றேன்.

“நேத்து ஓடுச்சி, இன்னிக்கு ஓடல. உன் மெஷின் எம்.சி.யா லா? ஒடம்பு சரியில்லே, லீவா?”

“பத்தே நிமிஷம்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பைக்கின் அருகில் மண்டியிட்டு, சர்க்யூட்டைக் கையால் தூண்டினேன். தண்டு டக்கென்று துள்ளியது. ஆனால் உடனே உள்ளே போகவில்லை. வயதானவர் நாற்காலியில் உட்காருவது போல மெல்ல மெல்ல இறங்கியது. லீவர் கீழே வராமல் அடுத்த கியர் எப்படி விழும்? சுருள்வில் உடைந்துவிட்டதோ என்று நினைத்தேன். மறுபடியும் தூண்டினேன். அப்போதுதான் கவனித்தேன். எப்போதும் தண்டு உள்ளே போகும்போது மெல்லிய ஒரு ‘உஸ்’ கேட்கும். அது கேட்கவில்லை. காற்று சரியாக வெளியே வரவில்லை.

வால்வைப் பார்த்தேன். பொன்னிறக் குமிழின் மேல், காய்ந்து கல்லாகி, என் சந்தனப் பொட்டு ஜொலித்துக்கொண்டிருந்தது.

எனக்குப் பின்னால் அம்மா எட்டிப் பார்த்தார். “அது என்னடி, காத்து போற ஓட்டையா?”

“ஆமாம்மா.”

“அடிப் பாவி! இருவது வருசமா மில்லுல பொட்டு வைக்கிறேன், ஒரு நாளாவது எண்ணெ ஓட்டையில வச்சிருப்பேனா? இதத்தான் காலேசுல படிச்சியா?”

அண்ணன் முதலில் அம்மாவைப் பார்த்தான், பிறகு என்னை. அவன் சிரிக்கத் தொடங்கியதும் தோள்கள் குலுங்கின. சாவி கையிலிருந்து கீழே விழுந்தது. விபத்துக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சந்தனம் துளைகளுக்குள் இறங்கிவிட்டது. சுரண்டிப் பயனில்லை. ஸ்பானரால் குமிழையே கழற்றி எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். குமிழ் இல்லாவிட்டால் சத்தம் வரும், தூசி போகும். ஒரு நாளைக்குத் தாங்கும். மீண்டும் தூண்டினேன். டக். ‘புஸ்ஸ்!’ தவுக்கே ஓர் அடி பின்னால் குதித்தார்.

“பாம்பு!”

“உங்க பைக்குதான் தவுக்கே. ஓட்டிப் பாக்கவா?” என்றான் அண்ணன், ஏறி உட்கார்ந்துகொண்டே.

இன்னொரு சோதனை ஓட்டத்துக்கு நேரம் இல்லை. முதல் போட்டிக்கே கூப்பிட்டுவிட்டார்கள். “இப்ப விழலே, சாவி,” என்று தவுக்கே வேற ஆளைக் காட்டினார். அண்ணன் தலையாட்டினான்.

கொடி இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். காதால் எண்ணினேன். எஞ்சின் ஏறியது, ‘புஸ்ஸ்’, ஒன்று. மறுபடி ஏறியது, ‘புஸ்ஸ்’, இரண்டு. என் கையை அம்மா இறுக்கினார். ‘புஸ்ஸ்’ மூன்றாவது முறை கேட்டபோது கண்ணைத் திறந்துவிட்டேன். நான்காவது எனக்குக் கேட்கவில்லை. அவன் அவ்வளவு தூரம் போயிருந்தான். பக்கத்தில் ஓடியவன் இரண்டு பைக் நீளம் பின்னால் இருந்தான்.

அன்று அண்ணன் நான்கு ஓட்டம் ஓடினான். நான்கிலும் வென்றான். மூன்றாவது ஓட்டத்தில் கூட்டம் எங்கள் பைக்கின் சத்தத்தைக் கற்றுக்கொண்டு, கியருக்குக் கியர் “புஸ்ஸ்!” என்று சேர்ந்து கத்தியது. கடைசி ஓட்டத்தில் அம்மாவும் கத்தினார்.

புளிச்சோறு சாப்பிடும்போது வேற ஆள் வந்து அண்ணன் பக்கத்தில் குந்தினான். அவனுடைய இடது பூட்ஸின் முனையில், லீவரைத் தூக்கித் தூக்கித் தோல் கறுத்துத் தேய்ந்திருந்தது. அங்கே வந்திருந்த எல்லா ஓட்டுநர்களின் பூட்ஸிலும் அந்தத் தழும்பு உண்டு. விபத்துக்குப் பிறகு அண்ணன் வாங்கிய பூட்ஸ் மட்டும் கடையிலிருந்து எடுத்த மாதிரியே பளபளத்தது. அதை அவன் நன்றாகத் தெரியும்படி முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு சாப்பிட்டான்.

தவுக்கே என் எதிரே வந்து நின்று, வேற ஆளைக் காட்டினார்.

“இன்னொண்ணு செய்ய முடியுமா? இவனுக்கும் ஒரு பைக் இருக்கு.”

“செய்யலாம் தவுக்கே.”

“ஆனா பொட்டு…” என்று அவர் ஆரம்பித்தார்.

அம்மா கையைக் கழுவிவிட்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த பித்தளைக் குமிழை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

“பொட்டு நான் வைக்கிறேன். நீ மெஷின மட்டும் செய்யி.”