சலூனில் கைமாறிய அப்பா

லாச்சப்பல் மெற்றோவில் இன்று நோவெண்ணெய் மணத்ததும், ரூ பெர்தொனே தெருவில் எண்பதுகளில் இருந்த, பிறகு இல்லாமற்போன சலூனுக்கு என் மூக்கு ஓடிவிட்டது. என்னிடம் ஓடக்கூடியது அது ஒன்றுதான். பனிக்காலத்தில் ஆட்டம் கிடையாது என்பதால், எங்கள் உதைபந்தாட்டக் குழுவை ஞாயிறுதோறும் அங்கேதான் வாயாலேயே பிரித்துக் கோர்ப்பார்கள். வாரம் முழுக்க உணவகத்தில் நின்று கோப்பை கழுவி, முழங்காலில் நோவெண்ணெய் பூசிக்கொண்டு விளையாடிய அப்பாவைத்தான் முதலில் கழற்றுவார்கள்.

"இவர் ஓடுறேல்லை, உலாத்துறார். பொபினி ரீமுக்குக் குடுத்திட்டு அவங்கட பெடியன் ஒருத்தனை எடுப்பம்," என்றார் முடிவெட்டுகிறவர்.

"சும்மா தந்தாலும் அவங்களுக்கு வேண்டாமாம், அண்ணை!" என்றார் முடிவெட்டக் காத்திருந்த ஒருவர்.

சலூனே சிரித்தது. முகமெல்லாம் சவர நுரையோடு அப்பாவும் சிரித்தார். வெயில் வந்து ஆட்டம் தொடங்கியதும், ஞாயிறுகளில் வேலை என்று சொல்லியனுப்பிவிட்டு, வீட்டில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கூப்பிட யாரும் வரவில்லை.