பறவை பார்க்கத் தூக்கிப் போனவர்கள்

பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு என் கணவர் வீட்டை விட்டு வெளிக்கிட்டது வைத்தியரிடம் போவதற்கு மட்டும்தான். துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டிய மனிதர், ஒரு பனிக்காலம் முழுவதும் வரவேற்பறையை விட்டு அசையவில்லை. கோயிலுக்குப் போவோமா என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். காரணம் எனக்குத் தெரியும். எங்கள் சனம் கோயில் வாசலிலேயே மறித்துப் பிடிக்கும். எப்படி விழுந்தார், மலசலத்துக்கு யார் தூக்குவது என்று அவர் முன்னாலேயே என்னிடம் விசாரிக்கும். அவருக்குக் காது கேட்கும் என்பது ஒருவருக்கும் ஞாபகம் வராது.

அதனால்தான் சதுப்புநிலப் பூங்காவை யோசித்தேன். வீட்டிலிருந்து காரில் கொஞ்சத் தூரம். அதன் இணையத்தளத்தில் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் தொலைநோக்கியும் சிரிப்புமாக இருந்தாள். எல்லோருக்குமான இடம் என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார்கள். படத்தை அவரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். அவருக்கு இப்போது நாக்குச் சரியாகப் புரளாது, சொல்வது பெரும்பாலும் எனக்கு மட்டும்தான் விளங்கும்.

"அங்கை எங்கட ஆக்கள் வருவினமோ?"

வரமாட்டார்கள் என்றேன். தலையாட்டினார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கூடவே பயமும் இருந்தது. இந்த ஒரு தடவை நல்லபடியாகப் போய் வந்தால் அடுத்த முறையும் வருவார். ஏதும் பிழையாகிப்போனால் இனி அசைக்கவே முடியாது.

பனியெல்லாம் கரைந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். கார் நிறுத்துமிடத்தில் நீல அடையாளம், கழிவறைக்கு அகலக் கதவு, வழுக்காத சரிவுப்பாதை. ஒரு குறையும் சொல்ல முடியாது. தண்ணீருக்கு மேலே போட்ட மரப்பாதையிலும் நாற்காலி தாராளமாக உருண்டது. ஆனால் பாதையின் இரு கரையிலும் கைபிடி உயரத்துக்குப் பலகை அடித்து மறைத்திருந்தார்கள். நின்று பார்த்த எனக்குக் கோரைப்புல் தெரிந்தது, மரக்கட்டையில் வெயில் காய்ந்த ஆமைகள் தெரிந்தன. அவருக்குப் பலகை தெரிந்தது. ரேடியோவில் கிரிக்கெட் சொல்பவரைப் போல நான் ஆமைகளைச் சொல்லிக்கொண்டு வந்தேன். இந்தப் பாதையைப் போட்ட மகராசன் ஒரு நாளாவது அந்த நாற்காலியில் இருந்து பார்த்திருக்கலாம். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவருக்கு அப்படி இல்லை, காற்றுப் பட்டதே போதும் என்பதுபோல முகம் தெளிந்திருந்தது.

பாதை ஒரு பறவைக் கோபுரத்தடியில் முடிந்தது. கோபுரம் பெரிதில்லை, ஆனால் படிகள் செங்குத்து. திரும்புவோம் என்றார். நானும் நாற்காலியைத் திருப்பினேன்.

அப்போதுதான் மேலேயிருந்து தமிழ் கேட்டது. நெற்றியில் திருநீறோடு நாலைந்து இளம் ஆண்கள் இறங்கி வந்தார்கள். பின்னால் பெண்களும் பிள்ளைகளும். கோயிலில் பூசை முடிந்து நேரே வந்திருக்கிறார்கள். எங்களைக் கண்டதும் ஒருவர் நாற்காலியில் கை வைத்தார், அண்ணையைத் தூக்குவோம் என்றார். என் கணவர் வேண்டாம் என்றார். அந்த ஒரு சொல் மட்டும் அவருக்கு இப்போதும் தெளிவாக வரும். நானும் வேண்டாம் என்றேன்.

எங்கள் ஆட்களிடம் முதல் வேண்டாம் எடுபடாது. தேத்தண்ணிக்கும் வேண்டாம் என்போம், இன்னொரு அகப்பைச் சோற்றுக்கும் வேண்டாம் என்போம். கொடுப்பவர் வற்புறுத்த வேண்டும், வாங்குபவர் கூச்சப்பட வேண்டும், அதுதான் மரியாதை. எங்கள் மறுப்பையும் அவர்கள் அந்த வகையில் சேர்த்துக்கொண்டார்கள்.

"என்னக்கா கூச்சப்படுறியள், நாங்கள் என்ன பிறத்தியே?" என்று சொல்லி ஒருவர் என்னை ஒதுக்கினார். நாலு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். ஒருவர் பகிடிக்கு அரோகரா என்றார், மற்றவர்கள் சிரித்துக்கொண்டு திருப்பிச் சொன்னார்கள். படியேறும்போதும் அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். கீழே ஒரு பெண் ஃபோனை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

மேலே பறவை பார்க்க விட்டிருந்த துவாரங்களும் நிற்பவர்களின் கண்ணுக்கு நேரேதான். அவர் முன்னால் மறுபடியும் பலகை. வடிவாகப் பாருங்கள், நாங்கள் கீழே நிற்கிறோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் இறங்கினார்கள். கொஞ்சத்தில் நான் எட்டிப் பார்த்தபோது அங்கே ஒருவரும் இல்லை. பிள்ளைகளுக்குப் பசித்திருக்கும். அல்லது புண்ணியம் செய்தாயிற்று என்று மறந்திருப்பார்கள். நன்றி கெட்டவள் என்று யாரும் சொல்லட்டும், அந்த நிமிடம் அவர்களை மனதார வைதேன்.

பூங்காவுக்கு ஃபோன் எடுத்தேன். ஓடிவந்த ஊழியப் பெண் நல்ல பிள்ளை. ஆட்களைத் தூக்க அவர்களுக்கு அனுமதி இல்லையாம். தீயணைப்புப் படையை அழைத்தாள். காத்திருந்த நேரத்தில் அவருக்குச் சிறுநீர் முட்டியது. அகலக் கதவுக் கழிவறை மரப்பாதையின் மறுமுனையில் இருந்தது. நான் என் சால்வையை எடுத்து அவர் மடியில் போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வந்த தீயணைப்புக்காரர்கள் அவர் முன்னால் குந்தி, தூக்கலாமா என்று கேட்டார்கள். அவர் தலையசைக்கும் வரை நாற்காலியைத் தொடவில்லை. அன்று அவரைக் கேட்டுச் செய்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

சில நாள் கழித்து, தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி எனக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். எங்கட பெடியள் செய்த புண்ணியத்தைப் பாருங்கோ என்று எழுதி, கூப்பிய கைகளும் பூக்களும் போட்டிருந்தாள். படத்தில் இருந்தது யார் என்று அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ. அணைப்பதற்குள் அரோகராச் சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது. கையை நீட்டினார். கொடுத்தேன். முழுவதையும் பார்த்தார். திரும்பவும் போடச் சொன்னார். இம்முறை ஃபோனைக் காதோடு வைத்துக் கேட்டார்.

"நான் வேண்டாம் எண்டது கேக்குதெல்லே?"

"ஓம், வடிவாக் கேக்குது."

"அப்ப இனி எங்கையும் வாறியளோ எண்டு என்னைக் கேக்காதையும்."

நான் கேட்பதில்லை.